ஐந்தாவது பெயர்

1

விதி இதுதான்: "விண்ணப்பிக்கும் குடும்பத்தில் ஐந்து பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெயர் குறிக்கப்படும் ஒவ்வொருவரும் ஒதுக்கப்படும் வீட்டில் வசிக்க வேண்டும். தவறான விவரம் தரப்பட்டால் விண்ணப்பம் ரத்தாகும்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். மூன்றே வாக்கியங்கள். சிங்கப்பூர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாகவும், கடைசி ஒன்பது வருஷம் தலைமைக் குமாஸ்தாவாகவும் இருந்தவன் நான். இவ்வளவு தெளிவான விதியை அதிகம் பார்த்ததில்லை. இவ்வளவு தெளிவான விதியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஏழு மாதம் குழம்ப முடியும் என்பதையும் இதற்கு முன் பார்த்ததில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. இங்கே புதிய அரசாங்கம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தள்ளுகிறது. பத்து மாடி, மின்விளக்கு, குழாயைத் திருகினால் தண்ணீர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கழிவறை. கடைவீடுகளின் மாடியில் பலகைத் தடுப்புகளுக்குள் வாழ்கிறவர்களுக்கு இது சொர்க்கம். சொர்க்கத்துக்கும் விண்ணப்பப் படிவம் உண்டு. இங்குள்ள தமிழர்கள் அதைப் 'பாரம்' என்பார்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் சந்திரன் அந்தப் பாரத்துடன் என் அறைக்கு வந்தான்.

"அப்பா, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுல?"

"ஹவுசிங் பாரம். குவீன்ஸ்டவுன்ல கட்டுறாங்கல்ல, அதுக்கு."

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் அவன் பெயர், இரண்டாவதில் மருமகள் சரோஜா, பிறகு பேத்தி மீனா, பேரன் பாலு. ஐந்தாவது வரி காலி. எழுத்து சுமார், கட்டத்துக்குள் நிற்கவில்லை.

"நீங்க நாலு பேருதானே?"

"அதுக்குத்தான் உங்க பேரு."

"பேரு போட்டா நான் அங்க வந்து இருக்கணுமே."

"நீங்க வர வேண்டாம்பா. பேரு மட்டும் போதும். எங்க ஆபீஸ்ல பாதிப்பேரு அப்படித்தான் போட்டிருக்காங்க. யாரு வந்து தலையை எண்ணப் போறா?"

"மூணாவது வாக்கியத்தைப் படிச்சியா?"

"படிச்சேன் லா." இந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால், அர்த்தம் கிடையாது.

"படிச்சிட்டுமா கேக்குற? இது பொய் டிக்ளரேஷன்."

சந்திரன் பாரத்தை வாங்கி மேசை மேல் வைத்தான். பிறகு, "மீனாவுக்கு இந்த மாசத்துல ரெண்டு தடவை மூச்சிழுப்பு வந்துடுச்சு. அந்த ரூம்ல வச்சிருக்காதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. அதை எந்த வரியில எழுதுறது, சொல்லுங்க" என்றான்.

பதினொன்றாம் பத்தியில் 'இதர விவரங்கள்' என்று இடம் விட்டிருந்தார்கள். அதை அவனுக்குக் காட்டினேன். என் மகன் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பத்தியிலும் நிரப்ப முடியாது. பாரத்தை மேசை மேலேயே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

2

நான் இருப்பது தேக்காவில், பஃபலோ ரோட்டில், காதர் பாயின் தையல்கடைக்கு மேல் ஒரு அறை. ஓய்வு பெற்றதும் அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மனைவி அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். சந்திரன் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஒரே அறையில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். அங்கே இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை. ஆகவே யாரும் யாரையும் விரட்டவில்லை, யாரும் யாரையும் அழைக்கவும் இல்லை.

காலையில் சந்தை வாசலில் ஒரு கோப்பி. ஒன்பது மணிக்குக் காதர் பாயின் கடைக்கு முன்னால் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன் கூரை போட்ட நடைபாதையில், ஒரு மேசையைப் போட்டு உட்காருவேன். எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தும் அரசாங்கத்துக்கு எழுதப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். குடியுரிமை, அடையாள அட்டை, பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட். கூலி வாங்குவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: என் பேனாவால் பொய் எழுத மாட்டேன். காதர் பாய் இதைத் தன் வாடிக்கைக்காரர்களிடம் எச்சரிக்கையாகவே சொல்லிவைப்பார்.

"நம்ம கிராணியாரு கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. இல்லாததைச் சொன்னா உங்க பாரத்துல உங்களையே அடிச்சிட்டு எழுதுவாரு."

கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. இந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மனிதனைப் பற்றி ஒரு தெரு முழுக்கச் சொல்லும் ஒரு வாக்கியம் இருந்தால் அவன் தன்னைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

முனியாண்டியையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், காவல்காரர், பிள்ளை இல்லாதவர். ஊரிலிருந்து இறந்துபோன அண்ணனின் மகனை வரவழைக்க என்னிடம் வந்தார். உறவுமுறை என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதச் சொன்னார். முடியாது என்றேன்.

"அண்ணன் மவன் எனக்கு மவன் இல்லாம வேற யாருங்க?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊர் வழக்கப்படி அவன் மகன்தான், அவரை அவன் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் படிவத்தைத் தயாரித்தவர்களின் ஊரில் அப்படி இல்லை. நான் 'சகோதரன் மகன்' என்று எழுதினேன். அனுமதி மறுக்கப்பட்டது. நாலு வருஷம் கழித்து முனியாண்டி இறந்தபோது, உறவு என்று யாரும் இல்லாமல், கிட்டங்கியில் கூட வேலை செய்த ஒருவர்தான் கொள்ளி வைத்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்தப் படிவத்தில் பொய் எதுவும் இல்லை. இன்றும் ஏதோ ஓர் அலமாரியில் அது சுத்தமாகவே இருக்கும்.

3

மாயவரத்துக்குப் பக்கத்தில் என் அப்பா கிராமக் கர்ணமாக இருந்தார். "கையெழுத்துப் போடுற எடத்துல பொய் இருக்கக்கூடாதுடா" என்று அவர் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் கொள்கை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் உடனே இந்தப் பதிலைச் சொல்லுவேன்.

மேசை மேல் கிடந்த பாரத்தை நாலாம் நாள் சும்மா எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி கேட்டிருந்தார்கள். பழக்கத்தில் மனசுக்குள் 'ஜூலை ஒன்று' என்று சொல்லிக்கொண்டேன். சொன்னதும் பாரத்தைக் கீழே வைத்தேன்.

நான் பிறந்தது மாசி மாதம். ஜூலை ஒன்று என்பது என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் வைத்த தேதி. அன்று சேர்ந்த பன்னிரண்டு பையன்களுக்கும் அதே தேதிதான். பள்ளிக்கூடம் திறந்ததும் மொத்த வகுப்பும் ஒரே நாளில் பிறந்தது. வருஷத்தை மட்டும் அப்பாக்கள் சொன்னார்கள். என் அப்பா என் வயதில் இரண்டு வருஷத்தைக் குறைத்துச் சொன்னார். "சர்க்கார் உத்தியோகம் கெடைச்சா ரெண்டு வருஷம் கூட நிக்கலாம்" என்று ஆசிரியரிடம் விளக்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

அந்தத் தேதியுடன் கப்பல் ஏறினேன். அந்தத் தேதிதான் என் பணிப் பதிவேட்டில் ஏறியது. ஓய்வு பெற்ற அன்று பதிவேட்டின்படி எனக்கு ஐம்பத்தைந்து. என் முழங்கால்களுக்கு ஐம்பத்தேழு. தலைமைக் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், தங்கள் வயது தவறாகப் பதிவாகியிருப்பதாக எழுதிக் கேட்ட ஒவ்வொருவருக்கும், 'பதிவேட்டில் ஒருமுறை ஏறிய தேதி மாற்றத்தக்கதல்ல' என்று பதில் தயாரித்தவன் நானே. என் தேதியைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மறைத்தேன் என்று சொல்ல முடியாது. மறைக்க வேண்டும் என்று தோன்றினால்தானே அது பொய்?

பொய் எழுதாத பேனாவை வைத்திருந்தவனே ஒரு பொய்த் தேதிதான் என்றால், அவன் எழுதியவை எந்தக் கணக்கில் சேரும்? எனக்குத் தெரியவில்லை. இதற்கு விதி இல்லை.

4

அந்த மாதமே எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்கு ஓர் இளம் விரிவுரையாளர் பேச வந்தார். ஓய்வுபெற்றவர்களுக்கு இளைஞர்கள்தான் வாழச் சொல்லித் தருகிறார்கள், காலம் அப்படி. ஆளுக்கொரு தாள் கொடுத்தார். உங்கள் வாழ்க்கையில் எவற்றைப் பெரிதாக மதிக்கிறீர்களோ அவற்றை வரிசையாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கடந்த ஒரு மாதத்தில் அதற்காக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார்.

முதல் வேலை சுலபம். உண்மை, கடமை, குடும்பம், யாரையும் சாராமல் இருப்பது. முத்து முத்தாக எழுதினேன். இரண்டாவது வேலையில் பேனா நின்றது. 'உண்மை'க்கு எதிரே, மகனின் பாரத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன். 'குடும்பம்' என்பதற்கு எதிரே எழுத யோசித்தால், அந்த மாதத்தில் குடும்பத்துக்காக நான் செய்ததும் அதே ஒன்றுதான். ஒரே செயலை இரண்டு தலைப்பில் எழுதலாமா என்று கேட்கக் கை தூக்கினேன். நேரம் முடிந்துவிட்டது என்று தேநீர் கொடுத்தார்கள்.

மறுநாள் காதர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாரத்துல உங்க பேரைப் போட்டா பொய்யி. ஏன்னா நீங்க அங்க இருக்க மாட்டீங்க. அதானே?"

"அதான்."

"அப்ப அங்க போயி இருந்துட்டா?"

அவர் ஒரு தையலைப் பிரித்து நூலை இழுத்தார்.

"உண்மையாயிடுமுல்ல? இதுக்கு எதுக்கு இவ்வளவு மண்டையை உடைச்சிக்கிறீங்க கிராணியாரே? அளவு பத்தலைன்னா துணியையா திட்டுவாங்க? பிரிச்சு உட வேண்டியதுதான்."

ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். முப்பது வருஷம் விதிகளுக்குள் சந்து பொந்து தேடிய எனக்கு, விதியின் முன்வாசல் திறந்திருந்தது தெரியாமல் போயிற்றா? தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். குவீன்ஸ்டவுனில் அஞ்சடி இல்லை. அங்கே யாரும் என்னைக் கிராணியார் என்று கூப்பிட மாட்டார்கள். மருமகள் வைக்கிற நேரத்தில் சாப்பிட வேண்டும். பேத்தி ஆங்கிலத்திலும், பக்கத்துவீட்டுப் பிள்ளைகளோடு மலாயிலும் பேசுவாள். என்னிடம் மட்டும் நின்று நின்று தமிழில் சொல் தேடுவாள். இவை எல்லாம் எனக்குத் தெரியும். இவற்றில் ஒன்றைக்கூட நான் சந்திரனிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாக்கியத்தைத்தான் காட்டினேன்.

5

பொங்கலுக்கு மறுநாள் ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்குப் போனேன். சந்திரன் வேலைக்குப் போயிருந்தான். அந்த மாடியில் ஜன்னல் இல்லாத அறை அவர்களுடையது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. புகை பலகையின் இடுக்கு வழியாக இங்கே வந்தது. மீனா கட்டிலில் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதுப் பெண். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின.

"தாத்தா, ஐ கான்ட்…" என்று ஆரம்பித்து நிறுத்தி, "பேச… முடியலை" என்றாள். எனக்காகத் தமிழில் சொல்ல இன்னொரு மூச்சைச் செலவழித்தாள்.

சரோஜா கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"பாரத்தை அவர் அன்னைக்கே திரும்ப எடுத்துட்டு வந்திருக்கணும் மாமா. உங்களுக்குச் சங்கடம்."

"நான் வந்து இருந்தா என்னம்மா?"

சரோஜா தம்ளரை ஒரு தடவை நகர்த்தி வைத்தாள். "நெஜமாவா கேக்குறீங்க? எனக்கு வாங்கன்னு கூப்பிட ஆசைதான். அவருதான், அப்பாவைத் தேக்காவை விட்டுக் கிளப்ப முடியாது, கேட்டா நம்மளைச் சுயநலம்னு நெனப்பாரு, அதனால வர வேண்டாம்னே சொல்லிடுறேன்னாரு."

'நீங்க வர வேண்டாம்பா, பேரு மட்டும் போதும்.' அன்று அவன் சொன்னதில் எனக்கு எது உறைத்தது? பொய்யா, வர வேண்டாம் என்பதா? இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்ததால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கொள்கைக்காக மறுத்தேன் என்று தெருவுக்கே சொல்லியாயிற்று. கோபத்துக்காக மறுத்திருந்தால் அதை யாரிடம் திருத்திச் சொல்வது?

வீட்டுக்கு வந்து ஐந்தாவது வரியை நிரப்பினேன். பிறந்த தேதி: ஜூலை ஒன்று. வேறு எதை எழுதுவது? கையெழுத்துப் போட்டேன்.

6

இங்கே நின்றிருந்தால் இந்தக் குறிப்புகளுக்கே வேலையில்லை. நான் ஒரு கடிதத்தையும் கூட வைத்தேன்.

'ஐந்தாமவர் தற்போது வேறு முகவரியில் வசிக்கிறார். வீடு ஒதுக்கப்பட்டதும் குடிபெயரக்கூடும். இதைத் தெரிவிப்பது கடமை எனக் கருதுகிறேன்.' ஊசி குத்தி, பாரத்துடன் சேர்த்து, நானே வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகலைச் சந்திரனிடம் கொடுத்தேன்.

"இந்த லெட்டரை யாருப்பா வைக்கச் சொன்னது?"

"உண்மை நிலவரம் தெரியணுமில்லையா?"

"அவங்க கேட்டாங்களா? கேக்காத கேள்விக்கு யாராச்சும் பதில் எழுதுவாங்களா? நீங்க கையெழுத்தே போடாம இருந்திருக்கலாம்!"

அவன் சொன்னது நியாயம். ஒரு பாரத்துடன் கடிதம் வந்தால் அது பிற பாரங்களுடன் போகாது. தனி எண் விழும். வேறு மேசைக்குப் போகும். அந்த மேசைக்காரர் மேலே கேட்பார். மேலே உள்ளவர் லீவில் இருப்பார். இது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆயிரம் கோப்புகளை அந்த வழியில் அனுப்பியவன். அப்படியானால் ஏன் வைத்தேன்? உண்மைக்காகவா? அல்லது, அவர்களே மறுத்துவிட்டால் நானும் கையெழுத்துப் போட்டவனாக இருப்பேன், அறையும் காலியாகாது என்பதற்காகவா? இரவும் பகலும் யோசித்தேன் என்று எழுத மாட்டேன். பகலில் யோசித்தேன்; இரவில் நன்றாகத் தூங்கினேன். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று. முப்பது நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் போடுங்கள் என்று என் மேசைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறவன் நான். எனக்காக நான் போடவில்லை. காதர் பாய் ஒருநாள் கேட்டார்.

"எல்லாருக்கும் ரிமைண்டர் எழுதுறீங்க. உங்க கேஸுக்கு எப்ப?"

"வரும், வரும்."

"வர வேணாம்னு துஆ கேக்குறீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை.

மே மாதம் மீனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள். இரண்டாவது நாள் பார்க்கப் போனேன். சந்திரன் வராந்தாவில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "உக்காருங்கப்பா, நடந்தா வந்தீங்க?" என்றுதான் கேட்டான். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை மேசையைப் போடவில்லை. நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் ஒரு சீன இளைஞர். கோப்பைத் தேடி எடுக்க அரைமணி ஆயிற்று. நான் எதிர்பார்த்தபடியே அது வேறு மேசையில் இருந்தது. என் கடிதம் மேலே இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"பெரியவரே, நீங்கள் அங்கே போய் இருப்பீர்களா, மாட்டீர்களா? இந்தக் கடிதத்திலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை."

எனக்குமே அந்தக் கடிதத்திலிருந்து தெரிந்திருக்கவில்லை. இவ்வளவு நேரான கேள்வியை முப்பது வருஷத்தில் என் மேலதிகாரிகள் யாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. முனியாண்டியைக்கூட, அந்தப் பையனை நீ மகனாக வைத்துக்கொள்ளப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

"இருப்பேன்" என்றேன்.

சொல்லும்போது அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு அதை உண்மையாக்குவது என் வேலை என்று மட்டும் தெரிந்தது. இளைஞர் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி, பதில் தபாலில் வரும் என்றார்.

ஜூன் முழுக்க ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்தேன். வர வேண்டும் என்று பார்த்தேனா, வரக்கூடாது என்று பார்த்தேனா என்று கேட்டால், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் போட்டேன், இரண்டும் விதிப்படி. தேக்கா மேசையை வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து நடத்தலாம் என்று காதர் பாயிடம் பேசிவைத்தேன். "மேசைக்கு வாடகை இல்லை, பஸ்ஸுக்கு நிக்கிற முழங்காலைத்தான் பாத்துக்கணும்" என்றார்.

விரிவுரையாளர் கொடுத்த தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. 'குடும்பம்' என்பதற்கு எதிரே இன்னும் எதையும் எழுதவில்லை. எழுதுவதற்கு முன் கொஞ்ச நாள் அங்கே இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பதில் வந்தபோது சந்திரன் என் அறையில்தான் இருந்தான். நானும் வருவேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். புத்தகங்களை எத்தனை பெட்டியில் கட்டலாம் என்று, எதுவும் நிச்சயமாவதற்கு முன்பே, பார்க்க வந்திருந்தான். நான் பிரித்தேன். வீடு ஒதுக்கப்பட்டது, ஏழாவது மாடி, ஐந்து பேரும் நேரில் வந்து சாவியைப் பெற வேண்டும். கீழே ஐந்து பெயர்களும் பிறந்த தேதிகளும் தட்டச்சாகியிருந்தன.

"எல்லாம் சரியா இருக்காப்பா?" என்றான்.

கடைசி வரியைப் பார்த்தேன். "அவங்க கிட்ட இருக்கிறபடி சரிதான்" என்றேன்.

பிறகு முப்பது வருஷப் பழக்கத்தில் பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மூலையில், கிடைத்த தேதியைக் குறித்தேன்: ஜூலை ஒன்று.